1,400 ரூபாய் பின்லைட்டும் அதற்கு ஒயர் இழுத்த பாயும்

என் வண்டி 2016 மஹிந்திரா தார், பழைய சிஆர்டிஇ டீசல் மாடல், கேன்வாஸ் கூரை. அந்தக் கூரையில் பின் ஜன்னல் என்று ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும், இத்தனை வருஷ வெயிலில் அது பழைய லேமினேஷன் மாதிரி பழுத்துப்போய்விட்டது. பகலிலேயே பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். இரவில் ரிவர்ஸ் எடுப்பதென்றால் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, கூட வந்தவர் இறங்கி நின்று "வா வா வா" என்று கத்த, அப்படியே உருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

சென்னைக்குள் இதனால் பெரிய கஷ்டமில்லை, தெருவிளக்கு இருக்கிறது. கஷ்டம் ஜவ்வாது மலை அடிவாரத்தில், போளூர் பக்கம் மாமனார் நிலத்துக்குப் போகும் தடத்தில். கடைசி நூறடிக்கு வண்டியைத் திருப்ப இடமே கிடையாது, போனால் ரிவர்ஸில்தான் வர வேண்டும். வரும்போது இடது பக்கம், அதாவது ஓட்டுகிறவன் தலையை நீட்டினாலும் தெரியாத பக்கம், ஒரு பெரிய விவசாயக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லை. போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி மச்சான் டார்ச் அடிக்க, நான் கழுத்தை ஒடித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பின்சக்கரத் தடத்துக்கும் கிணற்று விளிம்புக்கும் நடுவில் என் மூன்று சாண். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே லைட் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

லைட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். நாலு அங்குலச் சதுரம், உள்ளே 16 எல்ஈடி, பின்னால் சூடு போக அலுமினிய வரிகள், ஜோடி 1,400. பெட்டியில் கம்பெனி பெயர் என்று எதுவும் கிடையாது, 48 வாட், ஐபி67 (தூசி, தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்), 10 முதல் 30 வோல்ட், இவ்வளவுதான். அந்த 48 வாட்டை நம்பாதீர்கள். ஒரு எல்ஈடிக்கு மூன்று வாட் என்று வைத்து 16-ஆல் பெருக்கிய கணக்கு அது. பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒரு லைட் 13.6 வோல்ட்டில் 1.4 ஆம்பியர்தான் இழுத்தது, அதாவது 19 வாட். கடைக்காரரிடம் சண்டை போடவெல்லாம் இல்லை, இந்த விலையில் எல்லாப் பெட்டியிலும் இதே கதைதான். அதுவும் போக, பின்பக்கத்துக்கு 19 வாட் தாராளம். சாதாரண 21 வாட் ரிவர்ஸ் பல்பு கொடுப்பது சுமார் 460 லூமன் வெளிச்சம். எல்ஈடி மோசமாக, வாட்டுக்கு எண்பது லூமன் கொடுத்தால்கூட ஒரு லைட்டிலேயே 1,500 வந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது வேறு. ஸ்பாட், ஃப்ளட் என்று இரண்டு வகை தருவார்கள், வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பெட்டியில் 30 டிகிரி என்று போட்டிருந்தால் ஸ்பாட், 60 டிகிரி என்றால் ஃப்ளட். பின்னால் போட ஃப்ளட்தான். ஸ்பாட் போட்டால் எங்கேயோ இருக்கும் தென்னை மரம் பளிச்சென்று தெரியும், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளம் தெரியாது. கடைப் பையன் ஸ்பாட்டைத்தான் எடுத்துக் கொடுத்தான், "இது தூரம் போகும் சார்" என்று பெருமையாக. ரிவர்ஸில் யார் தூரம் போகப் போகிறார்கள்!

சரி, இப்போது ஒயரிங். இங்கேதான் என் பணமும் இரண்டு மாசமும் போனது.

முதலில் எங்கள் ஏரியாவிலேயே ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் விட்டேன். பெயர், இடம் வேண்டாம். நான் கேட்டது இரண்டு: ரிவர்ஸ் கியர் போட்டால் தானாக எரிய வேண்டும், நிலத்தில் மூட்டை இறக்கும்போது கியர் இல்லாமலும் ஒரு சுவிட்சில் எரிய வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார், 700 ரூபாய். இரண்டும் எரிந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

அன்று ராத்திரி ஆசையாகச் சுவிட்சைத் தட்டினேன். பின்லைட் எரிந்தது. கூடவே கம்பெனி ரிவர்ஸ் லைட்டும் எரிந்தது, ஸ்டீரியோ திரையில் பாட்டுப் போய்க் கேமரா வந்து உட்கார்ந்தது, ரிவர்ஸ் ஹார்ன் டிங் டிங் என்று தெருவையே எழுப்பியது. வண்டி நியூட்ரலில் நிற்கிறது, ஆனால் ரிவர்ஸில் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. என்ன நடந்ததென்றால், ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் ஒயரையும், ஸ்டீரியோ ஒயரிலிருந்து எடுத்துச் சுவிட்ச் வழியாகக் கொண்டுவந்த ஒயரையும் ஒன்றாக முறுக்கி, அதிலிருந்து லைட்டுக்கு இழுத்திருக்கிறார். கரண்டுக்கு இது போகிற பாதை, அது வருகிற பாதை என்றெல்லாம் தெரியுமா? சுவிட்சைப் போட்டதும் ரிவர்ஸ் ஒயரில் பின்னாலேயே ஏறிப்போய் அங்கே இருந்த எல்லாவற்றையும் எழுப்பிவிட்டது. நடுவில் ஒரு டையோடு, அதாவது கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுவது, போட்டிருந்தாலே நின்றிருக்கும், ஐந்து ரூபாய்ப் பொருள்.

போய்க் கேட்டேன். "எரியுதுல்ல சார்" என்றார்.

அந்த நிலையிலேயே மூன்று வாரம் ஓட்டினேன், என் சோம்பேறித்தனம்தான். அப்புறம் திண்டிவனம் தாண்டி நல்ல மழை. நிலத்துக்கு வந்து சேர்ந்து சுவிட்சைப் போட்டேன், லைட் எரியவில்லை, ஸ்டீரியோ செத்தது. சரி என்று ரிவர்ஸ் போட்டேன், கம்பெனி ரிவர்ஸ் லைட்டும் செத்தது. லைட் போட்டதே எந்தக் கிணற்றுக்காகவோ அந்தக் கிணற்றுப் பக்கத்தில், முன்னால் இருந்ததைவிட மோசமான இருட்டில் நின்றேன். மறுபடியும் மச்சான், மறுபடியும் டார்ச். காலையில் பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்தால் முறுக்கிய ஒயரின் மேல் சுற்றிய கறுப்பு டேப் அவிழ்ந்து, உள்ளே செம்பு பச்சையாகி, பம்பர் பிராக்கெட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் தட்டிவிடும் சுவிட்ச்) கிடையாது, தனி ஃபியூஸ் கிடையாது. அதனால் ஷார்ட் ஆனதும் முதலில் ஸ்டீரியோ ஃபியூஸ், பிறகு ரிவர்ஸ் ஃபியூஸ் என்று வரிசையாகப் போயிருக்கின்றன. ஒருவகையில் நல்லவேளை, அந்த இரண்டு ஃபியூஸாவது இருந்தது. பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருந்தால் ஒயர் பற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாவதாகப் போனது புதுப்பேட்டைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் ஒரு சந்தில் இருக்கும் பாய் கடைக்கு. கடை என்று சொல்வதே அதிகம், ஒரு ஷட்டர், ஒரு மர பெஞ்ச், சுவர் முழுக்கக் கொக்கியில் தொங்கும் பழைய ஹார்னஸ்கள், பலகைகூட இல்லை. லாரி, டெம்போதான் அதிகம் வரும். பாய்க்கு அறுபது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார்.

வண்டியைப் பார்த்ததும் அவர் ஒயரைத் தொடவே இல்லை. லைட்டுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து தற்காலிகமாக ஒரு பிளஸ் கொடுத்து எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை லைட்டின் கறுப்பு ஒயரிலும் வைத்தார். இரண்டும் மைனஸ், சைபர் காட்ட வேண்டும். 2 வோல்ட் காட்டியது. ஒயரைக் கையால் ஆட்டினார், எண் ஏறி இறங்கியது, லைட் லேசாகச் சிமிட்டியது. "பெயிண்ட் மேல ஸ்க்ரூ அடிச்சு வச்சிருக்கான் சார், எர்த் எப்படிப் போவும்?" என்றார்.

இதில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பழைய பல்பு என்றால் எர்த், அதாவது கரண்ட் வண்டி இரும்பு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லாவிட்டால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்த லைட்டுக்குள் ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கிறது, 10 வோல்ட் வந்தாலும் 14 வோல்ட் வந்தாலும் ஒரே மாதிரி எரியும். ஒயரிங் மோசமாக இருப்பது கண்ணுக்கே தெரியாது, திடீரென்று ஒருநாள் மொத்தமாகப் போகும். அதனால் "எரியுதுல்ல" என்பது இங்கே சான்றிதழ் இல்லை.

பாய் போட்ட ஒயரிங் இதுதான். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 7.5 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு. 87-லிருந்து லைட்டுக்கு. 85 எர்த். 86 மட்டும் டேஷ்போர்டு சுவிட்சின் நடுப் பின்னுக்கு. அந்தச் சுவிட்ச் மூன்று நிலை: மேலே தட்டினால் ரிவர்ஸ் லைட் ஒயரோடு சேரும், கீழே தட்டினால் தனி பிளஸ்ஸோடு சேரும், நடுவில் ஆஃப். எந்த நிலையிலும் ரிவர்ஸ் ஒயரும் பிளஸ் ஒயரும் ஒன்றையொன்று தொட வழியே இல்லை, டையோடும் தேவையில்லை. ரிவர்ஸ் ஒயர் இப்போது லைட்டைச் சுமக்கவில்லை, ரிலேயைத் தட்டிவிடும் வேலை மட்டும்தான், கால் ஆம்பியர்கூட ஆகாது. முழு ரிலே தத்துவமும் இந்தப் பத்து வரிதான், முதல் ஆளுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, 700 ரூபாய்க்கு இது போதும் என்று நினைத்திருப்பார்.

ரிலே போஷ், நான் கேட்காமலேயே போட்டார். ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம். இரண்டு லைட்டுக்கும் சேர்த்து 2.8 ஆம்பியர்தானே, இதைவிட மெல்லியது போதாதா என்று கேட்டேன். 0.5-இலும் எரியும்தான், ஆனால் முன்னாலிருந்து பின்னால் போக ஐந்து மீட்டர் ஆகிறது, அதில் அரை வோல்ட்டுக்கு மேல் விழும், 1.5 என்றால் 0.2-க்குள் நிற்கும். பாய் இந்தக் கணக்கெல்லாம் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து நான் போட்டது. அவர் சொன்னது, "மெலிசு போட்டா எலி கூட கடிக்க யோசிக்காது சார்."

எர்த் எடுக்க அவர் செய்ததை நின்று பார்த்தேன். சேஸிஸில் ஏற்கெனவே இருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, சுற்றிலும் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு எமரி பேப்பரால் பெயிண்ட்டைச் சுரண்டினார், பளபளவென்று இரும்பு தெரியும் வரை. ஒயர் முனையில் வளைய லக் வைத்துக் கிரிம்ப் அடித்தார், அதாவது நசுக்கி இறுக்கினார், இழுத்துப் பார்த்தார், பல் வாஷரோடு போல்ட்டை முறுக்கினார், அதன் மேல் கிரீஸை அப்பினார். மறுபடி மீட்டர். 0.03. என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, டீ சொல்லிவிட்டார்.

ஜாயிண்ட்டுக்கு ஈயம் பற்றவைக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "ஈயம் வச்சா அந்த எடம் வெறைச்சுக்கும், குலுங்குற வண்டியில ஈயம் முடியுற எடத்துல ஒடியும்" என்றார். எல்லாமே கிரிம்ப், மேலே உள்பக்கம் பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடு காட்டினால் ஓரத்தில் பசை கசிந்து அடைத்துக்கொள்ளும். ஒயர் முழுக்க வரிவரியான கறுப்புக் குழாய்க்குள், சைலன்சர் போகும் பக்கத்தை விட்டு மறுபக்கச் சேஸிஸ் ஓரமாக. லைட்டுக்குள் நுழையும் முன் ஒயரை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறார், தண்ணீர் ஒயர் வழியாக ஓடி வந்தாலும் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், லைட்டுக்குள் போகாது. வீட்டுக்கு ஏசி போடும்போதும் இதைத்தான் செய்வார்கள், நமக்குத்தான் தோன்றாது.

லைட்டை ஸ்டெப்னி மாட்டும் கதவில் வைக்க நான் ஆசைப்பட்டேன், உயரத்தில் அழகாக இருக்குமே என்று. பாய் கதவை நாலு தடவை திறந்து மூடிக் காட்டினார். இந்த வண்டியில் கதவு பக்கவாட்டில் திறக்கும், ஒவ்வொரு தடவையும் கீல் பக்கத்தில் ஒயர் மடங்கும், ஒரு வருஷத்தில் உள்ளே அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பம்பரின் இரண்டு ஓரத்தில் வைத்தோம், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து. சாய்வு முக்கியம். நேராக வைத்தால் பின்னால் நின்று வழி சொல்கிறவர் கண் கூசிக் கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்வார், அப்புறம் அவர் நிறுத்து என்கிறாரா வா என்கிறாரா?

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் என்றார், ஒன்றரை நாள் ஆனது, நடுவில் ஒரு மீன்பாடி வண்டிக்காரர், ஒரு பள்ளிக்கூட வேன், ஒரு ஜெனரேட்டர் எல்லாம் எனக்கு முன்னால் போனார்கள். பில் கிடையாது. பம்பரில் துளை போட்ட இடத்தில் பெயிண்ட் தொட்டு வைக்கவில்லை, ஒரே மாசத்தில் துரு, நானே பிரைமர் அடித்தேன். இன்னொன்று பாதி என் தப்பு. கீழ் நிலைக்கான பிளஸ்ஸை அவர் சாவி இல்லாமலும் வரும் இடத்திலிருந்து எடுத்திருந்தார், நான்தான் அப்படிக் கேட்டேன். நிலத்தில் ஒருநாள் மூட்டை இறக்கிவிட்டு அணைக்க மறந்து தூங்கிவிட்டேன். ஒன்பது மணி நேரம், 2.8 ஆம்பியர், 25 ஆம்பியர்-ஹவர் போய்விட்டது, பேட்டரி 65 ஆம்பியர்-ஹவர், அதை நான் முழுதாக சார்ஜ் வைத்திருந்ததால் பிழைத்தேன். காலையில் ஸ்டார்ட்டர் கிழவர் எழுந்திருப்பது மாதிரி முனகித்தான் சுற்றியது. திரும்பிப் போய்ச் சாவி போட்டால்தான் வரும் ஒயருக்கு மாற்றி, சுவிட்சில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் வைத்துக்கொண்டேன். அதற்குப் பாய் காசு வாங்கவில்லை.

லைட்டிலும் ஒரு குறை. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். நான் ஓடையில் எல்லாம் இறக்கவில்லை, வாட்டர் சர்வீஸில் பையன் கன்னைக் கிட்டே வைத்து அடித்தான், மறுநாளே இடது லைட்டின் கண்ணாடிக்குள் பனி படர்ந்திருந்தது. நியாயமாகப் பார்த்தால் ஐபி67 என்பது பிரஷர் தண்ணீருக்கான எண் இல்லை, அதற்கு ஐபி69கே என்று தனியாக உண்டு. கழுவப் போனால் லைட் பக்கம் கன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 108-ஆவது விதிப்படி ரிவர்ஸ் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு மாதிரி சிலவற்றைத் தவிர வண்டியின் பின்னால் சிவப்பு அல்லாத வெளிச்சம் காட்டக்கூடாது. ரோட்டில் ஓடும்போது இதைப் போட்டுக்கொண்டு போவது தப்பு, பின்னால் வரும் பைக்காரனுக்கு ஆபத்தும்கூட. ஹைபீம் அடிக்கிறவனைப் பழிவாங்க இந்த லைட்டைத் தட்டுகிறேன் என்று பெருமை பேசும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதை விற்கவே கூடாது. நான் ரோட்டில் சுவிட்சை நடுவிலேயே வைத்துவிடுவேன். புது வண்டி, வாரண்டியில் இருப்பது என்றால் கம்பெனி ஒயரை வெட்டவே விடாதீர்கள், நாளைக்கு எந்த எலக்ட்ரிக்கல் பிரச்சினைக்குப் போனாலும் சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் காட்டுவார்கள்.

செலவு: லைட் 1,400, ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், சுவிட்ச், ஒயர், குழாய் எல்லாம் 1,150, பாய் கூலி 1,800. முதல் ஆளிடம் கொடுத்த 700 தனி. லைட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை, பாய்க்கு நாலரை, அந்த அரை துருவுக்காகப் பிடித்தது.

தை மாசத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு அதே தடத்தில் ரிவர்ஸ் எடுத்தேன். கேமராவில் கிணற்று விளிம்பில் முளைத்திருந்த எருக்கஞ்செடி இலை இலையாகத் தெரிந்தது. மச்சான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வழக்கம்போல இறங்கப் போனான், உட்காருடா என்றேன். புழுதி கிளம்பினால் மட்டும் இந்த வெள்ளை வெளிச்சத்தில் பின்னால் சுண்ணாம்புச் சுவர் எழுந்த மாதிரி ஆகிவிடுகிறது, ஒரு நிமிஷம் நிறுத்தி அடங்கவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பாயிடம் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், நாலு மணி ஆகும். ஃபியூஸ் ஸ்பேர் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் கொடுப்பார்.